கப்பலில் ஏறும் துப்பாக்கி யார் கணக்கில்?

பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும் ஊர் எங்களுடையது. கடலைப் பார்க்க வேண்டுமானால் காட்பாடியில் ரயிலேறி மெட்ராஸ் போக வேண்டும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடற்கொள்ளையைப் பற்றி எழுதுகிறானே என்று யாராவது சிரிக்கலாம். வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு பக்கத்து ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். மிலிட்டரிக்கு ஆள் போகாத தெரு இங்கே குறைவு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். போனவர்கள் இருபது வயதுக்குள் போனார்கள், நாற்பது வயதுக்குள் பென்ஷனோடு திரும்பிவிடுகிறார்கள். பிரச்சினை அதற்கப்புறம்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும், கையில் தெரிந்த தொழில் துப்பாக்கி ஒன்றுதான். வங்கி வாசலிலும் ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்டிலும் நிற்கிறவர்களில் நிறைய பேர் இவர்கள். 2011க்குப் பிறகு இவர்களுக்கு இன்னொரு கதவு திறந்தது. அது கப்பல்.

அந்த வருடம் சோமாலியக் கொள்ளையரின் தாக்குதல்களாக மட்டும் 237 பதிவாயின. மே மாதம் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, தனியார் ஆயுதக் காவலரை அமர்த்துவது பற்றிய வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆகஸ்டில் நம்முடைய கப்பல் போக்குவரத்து இயக்குநரகமும் இந்தியக் கொடி பறக்கும் கப்பல்களில் ஆயுதக் காவலரை ஏற்றிக்கொள்ளலாம் என்றது. அக்டோபரில் பிரிட்டனும் இறங்கி வந்தது. அதுவரை, சரக்குக் கப்பலில் துப்பாக்கி இருந்தால் சண்டை பெரிதாகும், மாலுமிகள் சாவார்கள் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறே மாதத்தில் பேச்சு மாறிவிட்டது. அடுத்த வருடம் தாக்குதல்கள் 75 ஆகவும், 2013இல் 15 ஆகவும் இறங்கின. கடற்படைகளின் ரோந்து, கப்பலைச் சுற்றி முள்கம்பி, வேகமான ஓட்டம் என்று பல காரணங்கள் இருந்தாலும் பாராட்டில் பெரும்பங்கு துப்பாக்கிக்குத்தான் போனது.

பிறகு சில வருடம் கடல் அடங்கிக் கிடந்தது. 2023 டிசம்பரில் ரூவென் என்ற சரக்குக் கப்பலைச் சோமாலியர்கள் பிடித்துக்கொண்டு போனதும் பழைய ஏஜெண்டுகளின் போன்கள் மறுபடி அடிக்க ஆரம்பித்தன. அதில் ஒன்று என் அக்கா பையனுக்கு வந்தது.

மேசை மேல் ஒரு ஒப்பந்தம்

பையன் நாயக்காகப் பணிமுடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. சம்பளம், கம்பெனி வாசல் காவலுக்குக் கிடைப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "நீதான் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை செய்யறியே, இந்தக் காகிதத்தை ஒரு தடவை படிச்சுப் பாரு" என்று அக்கா கொண்டுவந்து வைத்தாள். படித்தேன். கம்பெனி பதிவான நாடு ஒன்று. தகராறு வந்தால் வழக்குப் போட வேண்டிய நாடு வேறொன்று. ஏறப்போகிற கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறது என்பது சொல்லப்படவில்லை. சொல்லவும் முடியாது, மாதத்துக்கு இரண்டு மூன்று கப்பல் மாறும். துப்பாக்கி உரிமம் யார் பெயரில் என்று தேடினேன். இல்லை. அந்நிய நாட்டில் பிடித்து வைத்தால் உதவி செய்வோம் என்று ஒரு வரி இருந்தது. என்ன உதவி, எவ்வளவு, எத்தனை நாளைக்கு, எதுவும் கிடையாது. அவன் கவலை வேறு. "மாமா, துபாய் பக்கம் ஃபுஜைராவுல போய் இறங்கணுமாம், விசா அவங்களே பாத்துக்குவாங்களா?"

இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்பது அந்தக் காகிதத்தைப் படித்தபோதுதான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. துறைமுகத்துக்குள் துப்பாக்கியோடு நுழைய எந்த நாடும் எளிதில் விடாது. அதனால் ஓமன் வளைகுடாவிலும் செங்கடலிலும் எந்த நாட்டு எல்லைக்கும் வெளியே பழைய கப்பல்களை நங்கூரமிட்டு ஆயுதக் கிடங்காக வைத்திருக்கிறார்கள். காவலர் படகில் அங்கே போய், துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, போகிற வழியில் சரக்குக் கப்பலில் ஏறுவார். ஆபத்தான பகுதி தாண்டியதும் இன்னொரு மிதக்கும் கிடங்கில் இறங்கி ஆயுதத்தை ஒப்படைப்பார். அடுத்த கப்பல் வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான், சில சமயம் வாரக்கணக்கில். கப்பல் முதலாளி இவர்களை அமர்த்துவது மாலுமிகள் மேல் உள்ள பாசத்தால் மட்டும் இல்லை. ஆயுதக் காவல் இருந்தால் போர் ஆபத்துக் காப்பீட்டின் பிரீமியம் குறையும். எங்கள் துறைக்காரனாக இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் பிரிட்டிஷ் முன்னாள் கமாண்டோக்களாக இருந்த குழுக்கள், போட்டி வந்து கட்டணம் சரிந்ததும் இந்தியர், இலங்கையர், நேபாளி, எஸ்டோனியர் என்று சம்பளம் மலிவான பக்கம் நகர்ந்தன. நால்வர் குழு சில இடங்களில் மூவராகச் சுருங்கியது.

கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் பெரியப்பா மகனைக் கூப்பிட்டோம். மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்தவர், 2012இலேயே இந்த வேலைக்குப் போய் சில வருடம் செய்தவர். போய் வந்த கதையை அவர் வீட்டில்கூட அதிகம் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை; பணம் அனுப்பினார், மாடி எழும்பியது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

இரண்டு படகுகள்

அன்றைக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து அவர் சொன்னதை எழுதுகிறேன். ஓமனுக்குத் தெற்கே, ஒரு தானியக் கப்பல். முழுச் சுமை, அதனால் தண்ணீருக்கு மேல் பக்கச்சுவர் கொஞ்சம்தான் தெரியும். மணிக்கு 11, 12 கடல் மைலுக்கு மேல் போகாது. கொள்ளைக்காரன் ஆசைப்படுவது இப்படிப்பட்ட கப்பலுக்குத்தான். குழுத் தலைவர் ஒரு பிரிட்டிஷ்காரர், அண்ணனையும் சேர்த்து இன்னும் மூன்று பேர். காலை வெயில் ஏறிய நேரத்தில் வலது பின்பக்கத்திலிருந்து இரண்டு சின்ன மோட்டார் படகுகள் நேராக வருகின்றன. கேப்டன் அலாரம் அடித்தார், மாலுமிகள் எல்லோரும் உள்ளே ஓடி இயந்திர அறைப் பக்கத்துப் பாதுகாப்பு அறையில் பூட்டிக்கொண்டார்கள். இவர்கள் நாலு பேரும் மேல்தளத்துக்கு வந்து துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். முதலில் காட்டு, பிறகு எச்சரிக்கை வெடி, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்பது வரிசை. தூக்கிக் காட்டினால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடுவார்களாம். இவை திரும்பவில்லை.

"பைனாகுலர்ல ஏணி இருக்கான்னு பாக்கணும். கொக்கி போட்ட ஏணி இருந்தா அவன் திருடன், சந்தேகமே இல்லை" என்றார். "எனக்கு ஏணி தெரியலை. ஒருத்தன் கையில நீளமா என்னமோ இருந்துது. கம்பா, துடுப்பா, ஏ.கே.வா, அந்த ஆட்டத்துல என்ன தெரியும்?" அந்தக் கடலில் மீன் பிடிக்கிறவனும் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பான் என்பது அவருக்குத் தெரியும். வலையைக் கப்பல் அறுத்துவிடாமல் இருக்க மீனவர்கள் கப்பலைப் பார்த்தே வேகமாக வந்து கையை ஆட்டுவார்கள் என்பதும் தெரியும். பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்களாம். சொல்லித்தந்து என்ன, படகு வருகிற வேகத்தில் முடிவெடுக்க நிமிடங்கள்தான் இருக்கும்.

தலைவர் எச்சரிக்கை வெடிக்குத் தயாராகச் சொன்னார். அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கலாம் என்று கேட்டாராம். அப்படிக் கேட்டது தைரியத்தால் இல்லை என்று அவரே சொன்னார். அந்த 2012 பிப்ரவரியில் நடந்தது மண்டைக்குள் ஓடியது. எண்ணெய்க் கப்பலான என்ரிகா லெக்ஸியில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டு, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தூரத்தில் செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகில் இருந்த இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். இன்னொரு பையன் கன்னியாகுமரி மாவட்டம். ஜூலையில் துபாய்க்குப் பக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பல் ஒரு சின்னப் படகைச் சுட்டதில் செத்தவர் ராமநாதபுரத்து மீனவர், காயம்பட்டவர்களும் இந்திய மீனவர்கள். "நான் குறி பாக்கற படகுல தமிழ் பேசறவன் இருந்தா?" என்று அண்ணன் கேட்டார். என் அக்கா பையன் பதில் சொல்லவில்லை.

அறுநூறு மீட்டர் இருக்கும்போது முதல் படகு வளைந்து திரும்பியது. இரண்டாவதும் கூடவே போனது. திரும்புகிற நேரத்தில் ஒருவன் எழுந்து நின்று இரண்டு கையாலும் எதையோ தூக்கிக் காட்டினான். மீனாக இருக்கலாம் என்கிறார், திட்டாகவும் இருக்கலாம். கப்பல் கம்பெனிக்குப் போன அறிக்கையை அன்று எழுதியவர் அண்ணன்தான். சந்தேகத்துக்குரிய இரண்டு படகுகள் நெருங்கின, ஆயுதம் காட்டப்பட்டது, படகுகள் விலகின. குழுவுக்குப் பாராட்டு மின்னஞ்சல் வந்ததாம். அந்தப் படகுக்காரர்கள் யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஆயுதக் காவலர் இருந்த எந்தக் கப்பலையும் சோமாலியர்கள் கடத்தியதில்லை என்று காவல் நிறுவனங்கள் பெருமையாகச் சொல்வதை நானும் பல இடங்களில் படித்திருக்கிறேன், நம்பியும் இருக்கிறேன். இப்போதும் அது பொய் என்று சொல்லவில்லை. மெர்ஸ்க் அலபாமா என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 2009 ஏப்ரலில் காவலர் இல்லாமல் மாட்டியது, நவம்பரில் காவலர் இருந்ததால் தப்பியது. ஆனால் விரட்டப்பட்ட படகுகள் என்று எழுதி வைத்திருக்கும் கணக்கில் எத்தனை பேர் வலையைக் காப்பாற்ற வந்தவர்கள் என்பதை யார் எண்ணினார்கள்? அவர்கள் எந்த அலுவலகத்தில் போய்ப் புகார் கொடுப்பார்கள்?

இதில் நம் கரைக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2010இல் கப்பல் சங்கங்கள் 'அதிக ஆபத்துப் பகுதி'யின் கிழக்கு எல்லையை 78 டிகிரி தீர்க்கரேகை வரை நீட்டின. கேரளக் கரை முழுவதும், கன்னியாகுமரியும் அதற்குள் வந்துவிட்டது. வரைபடத்தில் அந்தக் கோட்டை அப்படியே மேலே இழுத்தால் தூத்துக்குடி, மதுரைக்குப் பக்கத்தில் போகும். வேலூர் 79இல் இருக்கிறது, ஒரு டிகிரியில் தப்பித்தோம்! கோட்டுக்குள் வந்தால் கப்பலில் இருக்கிறவன் கண்ணுக்கு ஒவ்வொரு மீன்படகும் சந்தேகப் படகுதான். இந்தியா விடாமல் வற்புறுத்திய பிறகு, 2015 டிசம்பரில்தான் கோட்டை 65 டிகிரிக்குத் தள்ளினார்கள்.

அரசுத் துப்பாக்கியும் கம்பெனித் துப்பாக்கியும்

கப்பலில் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று எல்லோரும் வாதாடுகிறார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வராமல் செய்தது வேறு கேள்வி. சுட்டவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். என்ரிகா லெக்ஸியில் இருந்தவர்கள் இத்தாலி அரசின் வீரர்கள். கப்பல் முதலாளி கட்டணம் கட்டினார், அரசு ஆள் கொடுத்தது. இரண்டு உயிர் போனது. இத்தாலி தன் முழு பலத்தோடு அவர்கள் பின்னால் நின்று சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. 2020 ஜூலையில் வெளியான தீர்ப்பு, அவர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்திய நீதிமன்றம் விசாரிக்க முடியாது, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்றது. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது.

இன்னொன்று சீமேன் கார்டு ஓஹியோ. அமெரிக்கக் காவல் கம்பெனியின் கப்பல், சியரா லியோன் கொடி. 2013 அக்டோபர் 12 அன்று தூத்துக்குடிக்கு அப்பால் கடலோரக் காவல் படை பிடித்தது. 35 துப்பாக்கி, 5,680 தோட்டா, 35 ஆட்கள். அவர்கள் யாரையும் சுடவில்லை. எரிபொருள் தீர்ந்துபோய் டீசல் வாங்கியிருந்தார்கள். ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பாளையங்கோட்டைச் சிறை, ஜாமீன், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று இழுத்து, 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்து வருடச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. அதற்குள் நாலு வருடம் போய்விட்டது. ஆறு பிரிட்டிஷ்காரர்களை அவர்கள் ஊர்ப் பத்திரிகைகள் 'சென்னை சிக்ஸ்' என்று எழுதி எழுதி உலகம் அறியச் செய்தன. அதே கப்பலில் 12 இந்தியர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எந்த ஊர்ப் பத்திரிகை அப்படி எழுதியது?

ஆளைக் கொன்றவர் வீடு போனார், கொல்லாதவர் சிறை போனார் என்று இதை எளிமையாகச் சொல்லிவிடலாம். நடுவர் மன்றத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் அதற்குள் ஒரு நேர்மை இருக்கிறது: அரசு பொறுப்பேற்றது, பணம் கட்டியது, கேட்க ஒரு முகவரி இருந்தது. கம்பெனிக் காவலர் சுட்டு நம் மீனவர் ஒருவர் செத்திருந்தால், சியரா லியோனில் போய் யார் கதவைத் தட்டுவது?

எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது இது ஞாபகம் வருகிறது. 1806 ஜூலை 10 அன்று இங்கே எழுந்தவர்களைப் பற்றி நினைவுநாளில் நிறையப் பேசுகிறோம். தலைப்பாகை, நெற்றிக்குறி, தாடி எல்லாம் பேசுவோம். அவர்கள் எந்த அரசரின் படையும் இல்லை, ஒரு வியாபாரக் கம்பெனியின் சம்பளக்காரர்கள் என்பதை மட்டும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்தக் கம்பெனியின் சரக்குக் கப்பல்களும் பீரங்கியோடுதான் ஓடின. ஆயுதத்தைக் கம்பெனியிடமிருந்து பிடுங்கி அரசின் கையில் கொடுக்க உலகம் ஒரு நூறு வருடத்துக்கு மேல் செலவழித்தது. 2011இல் அதை ஆறு மாதத்தில் பாதி திருப்பிக் கொடுத்துவிட்டது.

அதனால் என் கட்சி, அரசுத் துப்பாக்கிதான். நெதர்லாந்து இதில் பிடிவாதமாக நின்றது. கப்பலில் கடற்படை வீரர்தான் ஏறலாம், தனியார் கூடாது என்று 2022 வரை இழுத்தது. ஆனால் அந்தக் கட்சியில் நின்று பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நம் மாலுமிகளில் பெரும்பாலோர் வேலை செய்வது பனாமா, லைபீரியா போன்ற வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களில். அங்கே இந்திய வீரரை எந்தச் சட்டப்படி ஏற்றுவது? இலங்கை ஒரு நடுவழி பார்த்தது. அரசின் ஆயுதத்தை வைத்துக் கம்பெனி தொழில் நடத்தியது, காலே துறைமுகத்துக்கு வெளியே மிதக்கும் கிடங்கு, கடைசியில் 2015இல் விசாரணை, பிறகு கடற்படையே எடுத்துக்கொண்டது. நம் கடற்படை செய்வது வேறு. 2008 அக்டோபரிலிருந்து ஏடன் வளைகுடாவில் நின்று, எந்த நாட்டுக் கொடியானாலும் துணைக்குப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ரூவெனை 2024 மார்ச்சில் மீட்டதும் ஐ.என்.எஸ். கொல்கத்தாதான், 35 கொள்ளையர் சரணடைந்தார்கள், 17 மாலுமிகளும் உயிரோடு வந்தார்கள். ஆனால் அந்த 17 பேரும் மூன்று மாதம் பிணையாகக் கிடந்த பிறகு. மேல்தளத்தில் ஒரு ஹவில்தார் நின்றிருந்தால் அது நடந்திருக்காது என்று அண்ணன் சொல்கிறார். மறுக்க முடியவில்லை. கடற்படை என்றால் தவறே நடக்காது என்றும் இல்லை: 2008 நவம்பரில் ஐ.என்.எஸ். தபார் மூழ்கடித்த கொள்ளையர் கப்பல், அவர்கள் பிடித்து வைத்திருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்று பிறகு தெரிந்தது. உள்ளே பிணையாக மாலுமிகள் இருந்தார்கள்.

ஆக, தனியார் காவலர் இருக்கத்தான் போகிறார்கள். அப்படியானால் ஆள் எடுக்கும் கம்பெனிக்கு அனுமதி கொடுக்கிற அரசு, அந்த ஆள் எந்தத் துறைமுகத்தில் மாட்டினாலும் வக்கீல் வைக்கிற பொறுப்பையும், அவர் சுட்டு யாராவது செத்தால் இழப்பீட்டுக்கு முன்பணத்தையும் அந்தக் கம்பெனியிடமிருந்து முதலிலேயே கட்டி வாங்கிவிட வேண்டும். எங்கள் துறையில் ஒரு ஆட்டோ ரோட்டில் ஓடவே மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

அக்கா பையன் ஏஜெண்டுக்கு நாலு கேள்வி எழுதி அனுப்பினான். நானும் அண்ணனும் சேர்ந்து தயார் செய்தது. துப்பாக்கி உரிமம் யார் பெயரில், எந்த நாடு கொடுத்தது? மிதக்கும் கிடங்கு எந்தக் கொடியில் இருக்கிறது? பிடிபட்டால் வக்கீல் செலவுக்கும் வீட்டுக்குச் சம்பளத்துக்கும் எழுத்தில் என்ன உறுதி? நான் சுட்டு மீனவன் செத்தால் பொறுப்பு யாருடையது? சம்பளம் எந்தத் தேதியில் வங்கியில் விழும் என்று விவரமாகப் பதில் வந்தது. அவன் அதைக் கேட்கவே இல்லை. மற்றதற்கெல்லாம் "நேரில் பேசிக்கொள்ளலாம் சார்" என்றார்கள். மறுபடி எழுதினான். அதற்கப்புறம் அவர்கள் போன் எடுக்கவில்லை, அந்த இடத்துக்குக் குடியாத்தம் பக்கத்து ஆள் ஒருவர் போய்விட்டதாகக் கேள்வி. பையன் இப்போது வேறொரு கம்பெனியோடு பேசிக்கொண்டிருக்கிறான், அதே நாலு கேள்வியோடு. அக்கா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.